ஒரே மூச்சுல சொல்றதா, துண்டு துண்டா சொல்றதா, கேள்வி கேக்க விடறதா: ஏஐ வச்சு ஆப் கட்டப் போறவங்களுக்கு

எங்க சித்தப்பா திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துல வீடு வீடா பால் ஊத்துறார். 63 வாடிக்கை. காலைல நாலரைக்கு கேன வண்டியில கட்டிக் கிளம்பினா ஏழு மணிக்குள்ள சுத்தி முடிச்சு வந்துருவார், சாயங்காலம் இன்னொரு நடை. கணக்கு முழுக்க சித்திதான், நீள நோட்டுல வீட்டுக்கு ஒரு பக்கம், மாசம் முடிஞ்சா ரெண்டு நாள் உக்காந்து கூட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் துண்டுச் சீட்டு எழுதிக் குடுப்பாங்க. இத போன்லயே பண்ற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடுய்யான்னு சித்தி கேட்டாங்க. நான் டெவலப்பர் கிடையாது, ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், எக்ஸெல் நல்லா வரும், ப்ரோக்ராமிங் காலேஜ்ல ஒரு செமஸ்டர் படிச்சதோட சரி. அதனால ஏஐ கிட்ட சொல்லித்தான் கட்டுனேன், அதுவும் ஒரே ஆப்ப மூணு தடவை, மூணு விதமா பேசி.

இப்போ ஆபீஸ்லயும் சொந்தத்துலயும் நாலு பேர் எனக்கும் ஒண்ணு கட்டணும், எந்த ஏஐ நல்லதுன்னு கேக்குறாங்க. சாட்ஜிபிடி, க்ளாட், ஜெமினி, இந்த அளவு வேலைக்கு எது எடுத்தாலும் ஓடும். முதல்ல முடிவு பண்ண வேண்டியது அதுகிட்ட எந்த முறையில பேசப் போறோம்ங்கறதுதான், ஏன்னா என் பால் கணக்கு ஆப் ஒரே ஏஐ கிட்ட கேட்டு முதல் தடவை காசு நட்டம், ரெண்டாவது தடவை பாதியில நின்னுச்சு, மூணாவது தடவைதான் ஒழுங்கா ஓடுது. நடுவுல மாறுனது நான் பேசுன விதம் மட்டும்தான்.

முதல் வழி, எல்லாத்தையும் ஒரே மெசேஜ்ல கொட்டுறது. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உக்காந்து எனக்குத் தோணுனது எல்லாத்தையும் எழுதுனேன், வாடிக்கை லிஸ்ட் வேணும், தினம் எவ்ளோ ஊத்துனோம்னு பதியணும், ரேட் வேணும், மாசக் கடைசியில பில் வேணும், பாக்கி தெரியணும், பச்சை கலர்ல இருக்கணும், இப்படியே போன் ஸ்க்ரீன்ல மூணு பக்கம். அனுப்புனேன், கொஞ்ச நேரத்துல முழு ஆப் வந்து நிக்குது. பாக்க அவ்ளோ அழகு. சித்தி அன்னிக்கே 63 பேரையும் ஏத்திட்டாங்க.

மாசம் முடிஞ்சு பில் போட்டப்போ 24 வீட்டுக்கு ஒரு நாள் பால் காசு குறைஞ்சு நிக்குது. நல்லவேளை சித்தி நோட்டையும் விடாம எழுதிட்டு வந்தாங்க, அதனால தெரிஞ்சுது. நானா கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. விஷயம் இதுதான்: அந்த 24 வீடும் சித்தப்பா ரூட்ல முதல்ல வர்ற வீடுங்க, அஞ்சரை மணிக்கு முன்னாடியே ஊத்திருவார், ஊத்துன கையோட பட்டனையும் தட்டிருவார். ஆப் எழுதுன ஜாவாஸ்க்ரிப்ட்ங்கற ப்ரோக்ராமிங் மொழியில இன்னைக்கு தேதி எடுக்க ஏஐ போட்ட வரி தேதிய உலகப் பொது நேரத்துல எடுக்குது, யூடிசின்னு சொல்றாங்கல்ல அது. நம்ம நேரம் அதவிட 5 மணி 30 நிமிஷம் முன்னாடி ஓடுது. அப்போ இங்க ஒண்ணாந்தேதி காலை 4.45னா அங்க முந்துன நாள் ராத்திரி 11.15. ஒண்ணாந்தேதி பால் போன மாசக் கணக்குல போய் உக்காந்துருச்சு. மத்த நாள்லயும் ஒரு நாள் பின்னாடிதான் தள்ளித் தள்ளி விழுந்திருக்கு, ஆனா மாசத்துக்கு நடுவுல அது கூட்டுத்தொகைய மாத்தாது, அதனால யாரு கண்ணுக்கும் படல, மாசம் மாறுற இடத்துல மட்டும் காசா வெளிய வந்துச்சு.

இதுல ஏஐ மேல மட்டும் பழி போட்டா நியாயமில்ல. நான் தேதி சேவ் ஆகணும்னு எழுதுனேனே ஒழிய எங்க சித்தப்பா நாலரைக்கு கிளம்புறவர்னு எங்கயும் எழுதல, எழுதணும்னே தோணல, எங்க வீட்ல அது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. ஏஐ கிட்ட நாம சொல்லாம விட்ட இடத்துல எல்லாம் அது ஒரு யூகத்த வச்சு நிரப்பும், பொதுவா எல்லா ஆப்லயும் எப்படி இருக்குமோ அப்படி. பெரும்பாலான ஆப்ப பகல்ல பயன்படுத்துறாங்க, அங்க அந்த வரி தப்பு காட்டாது. ஒரே மெசேஜ்ல முழு ஆப்பும் கேட்டா இப்படி நாப்பது அம்பது யூகம் ஒரே நேரத்துல உள்ள போகுது, எது நீங்க சொன்னது எது அதுவா நெனச்சுக்கிட்டதுன்னு பிரிச்சுக் காட்டாது, எல்லாத்துக்கும் மேல ஒரே பச்சை பெயின்ட்.

ரேட்லயும் அதே கதை. மாசத்துல 16ஆம் தேதி லிட்டருக்கு 56ல இருந்து 60 ஆக்குனாங்க. ஆப்ல ரேட்ட மாத்துனதும் ஒண்ணாந்தேதியில இருந்தே 60 போட்டு கணக்கு காட்டுது. ஏன்னா ரேட்ட ஒரே ஒரு இடத்துல வச்சிருந்துச்சு, எந்தத் தேதியில இருந்து எந்த ரேட்டுன்னு வைக்கல. பால் விலை மாசத்துக்கு நடுவுல ஏறும்னு பால் ஊத்துறவங்களுக்குத் தெரியும், அந்த மெசேஜ்ல இல்ல. இன்னொண்ணு, மூணு பக்க மெசேஜுக்கு நடுவுல எருமைப்பால் தனி ரேட்டுன்னு ஒரு வரி எழுதியிருந்தேன், அது மொத்தமா விட்டுப்போச்சு. 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு, நீளமா குடுத்தா இந்த ஏஐ மாடல்கள் ஆரம்பத்துலயும் கடைசியிலயும் இருக்கறத நல்லா எடுத்துக்குது, நடுவுல இருக்கறத தவற விடுதுன்னு. அதுக்கப்புறம் வந்த மாடல்கள் இதுல தேறியிருக்கு, ஆனாலும் முக்கியமான வரிய நடுவுல புதைக்காதீங்க.

இந்த முறைக்கு வைப் கோடிங்னு பேர் வந்தது 2025 பிப்ரவரியில, ஏஐ ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரே கார்பதி எழுதுன ஒரு சின்னப் பதிவுல இருந்து. அந்த வருஷத்தோட வார்த்தையா காலின்ஸ் அகராதி அதையே எடுத்துச்சு. கார்பதியே அப்போ இது வார இறுதியில விளையாட்டா கட்டி தூக்கிப் போடுற ப்ராஜெக்டுக்கு பரவால்லன்னு சொல்லித்தான் வச்சாரு. அந்த அளவோட எடுத்துக்கிட்டா இது நல்ல வழி. கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு பக்கம், ஈஎம்ஐ கணக்கு பாக்க ஒரு கால்குலேட்டர், இல்ல நம்ம ஐடியா ஸ்க்ரீன்ல எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கணும், இதுக்கெல்லாம் ஒரே மெசேஜ் போதும். அடுத்தவங்க காசு அதுக்குள்ள போகப் போகுதுன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

ரெண்டாவது வழி, ஒண்ணு ஒண்ணா கேக்கறது. முதல் ஆப்ப ஓரமா வச்சுட்டு புதுசா ஆரம்பிச்சேன், வாடிக்கை பேர் சேக்குற ஒரு ஸ்க்ரீன் மட்டும் குடு, சரி, இப்போ அளவு போடுற இடம், சரி, இப்போ தேதி, நம்ம ஊர் நேரப்படி எடு. ஒவ்வொண்ணும் வந்ததும் போன்ல தட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்தது. தப்பு எங்க வந்துச்சுன்னு உடனே தெரியுது, என்ன நடக்குதுன்னு நமக்கும் புரியுது. ஓரளவு கோட் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு, மனசுக்குள்ள முழு ஆப்போட வரைபடம் இருக்கறவங்களுக்கு இது நல்லா வரும்.

எனக்கு பிரச்சினை பத்து படி தாண்டி வந்துச்சு. பாக்கி காட்டுன்னு கேட்டப்போ அது டேட்டாபேஸ, அதாவது விவரமெல்லாம் சேமிச்சு வைக்கற இடத்த, மாத்தணும்னு சொல்லி மாத்துச்சு, பில் உடைஞ்சுது. பில்ல சரி பண்ணுச்சு, எருமைப்பால் ரேட் போச்சு. அஸ்திவாரம் போடறப்போ எத்தனை மாடின்னு சொல்லாம மேல மேல ரூம் கேட்டுட்டே போனா கொத்தனார் என்னதான் பண்ணுவாரு, அங்கங்க ஒட்டுதான் போடுவாரு. சாட்டும் நீண்டுட்டே போகுது, மூணாவது படியில நாம பேசி வச்ச ஒரு முடிவ பதிமூணாவது படியில மறந்துட்டு வேற மாதிரி எழுதுது.

அதோட நான் கேட்ட விதமும் தப்பு. ஒரு வீட்டுக்கு பில் ஏழு ரூபா வித்தியாசம் வந்துச்சு. நான் ரவுண்டிங்லதான் (பைசாவ முழு ரூபாயா ஆக்கறதுல) பிரச்சினை, அதானேன்னு கேட்டேன். ஆமா, நீங்க சொல்றது சரின்னு சொல்லிட்டு ரவுண்டிங்க மாத்திக் குடுத்துச்சு. வித்தியாசம் போகல. இன்னொரு தடவை அதே மாதிரி கேட்டேன், இன்னொரு தடவை ரவுண்டிங்க மாத்துச்சு. கடைசியில பாத்தா கால் லிட்டர் வாங்குன ஒரு நாள் அரை லிட்டர்னு பதிவாகியிருக்கு, லிட்டர் 56ங்கறப்போ கால் லிட்டர் வித்தியாசம் 14 வரணும், ஆனா அதே மாசம் இன்னொரு இடத்துல 7 ரூபா பழைய பாக்கி கழிபட்டிருந்துச்சு, ரெண்டும் சேந்து ஏழுன்னு நின்னுச்சு. ரவுண்டிங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நாம ஒரு காரணத்த வாயில ஊட்டி கேட்டா அது பெரும்பாலும் அந்தக் காரணத்த ஒட்டியே போகும். இந்த ஆமாம் சாமி குணம் எல்லா ஏஐலயும் கொஞ்சம் இருக்கு, 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடியோட ஒரு அப்டேட்ல இது அளவுக்கு மீறிப் போய் அத நடத்துற ஓபன்ஏஐ கம்பெனி அந்த அப்டேட்ட சில நாள்லயே திரும்ப எடுத்தாங்க.

அதனால தப்ப சொல்றப்போ நான் இப்போ டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி சொல்றேன், எனக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்ல மாட்டோம்ல, மூணு நாளா இப்படி இருக்குன்னு சொல்லுவோம். என்ன தட்டுனேன், என்ன வந்துச்சு, என்ன வந்திருக்கணும், இவ்ளோதான். "வீடு 12, ஏப்ரல் பில், ஆப் 427 காட்டுது, நோட்டுல 420, ஒவ்வொரு நாளும் என்ன பதிஞ்சிருக்குன்னு முதல்ல லிஸ்ட் போட்டுக் காட்டு, கோட எதையும் இன்னும் மாத்தாத." கடைசி வரிய விட்ராதீங்க. அது இல்லன்னா காரணம் தெரியறதுக்கு முன்னாடியே மாத்த ஆரம்பிச்சுரும். எரர் வந்தா செவப்புல வர்றத சுருக்காம முழுசா ஒட்டுங்க, நமக்கு குப்பையா தெரியற வரியிலதான் அதுக்கு வேண்டிய ஃபைல் பேரும் லைன் நம்பரும் இருக்கும்.

இந்த ரெண்டு வழியிலயும் வேகமா போற மாதிரி ஒரு உணர்வு இருக்கு, அத நம்பி முடிவு எடுக்கக் கூடாதுன்னு நான் நெனைக்கிறேன். 2025 ஜூலையில மீட்டர்னு ஒரு ஆய்வுக் குழு ஒரு முடிவ வெளியிட்டாங்க. அனுபவமுள்ள 16 ஓபன் சோர்ஸ் டெவலப்பர்கள் (எல்லாரும் பாக்கற மாதிரி பொதுவுல வைக்கற கோட் எழுதுறவங்க), 246 வேலைகள், பாதிய ஏஐ வச்சு பாதிய ஏஐ இல்லாம. ஏஐ வச்சுப் பண்ணதுக்கு 19 சதவீதம் நேரம் கூட ஆச்சு, ஆனா முடிச்சப்புறம் அவங்ககிட்ட கேட்டப்போ 20 சதவீதம் வேகமா முடிச்சோம்னு நெனச்சிருக்காங்க. அவங்க நல்லா தெரிஞ்ச பெரிய கோட்ல வேலை பாத்தவங்க, நம்ம நிலைமை வேற, அந்த 19 நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனா எவ்ளோ நேரம் ஆச்சுங்கறதுல அத்தனை அனுபவசாலிகளுக்கே மனசு தப்பா சொல்லியிருக்கு, அத நான் மறக்கறதில்ல. என் கணக்குக்கு ரெண்டாவது வழியில மூணு வாரம் போச்சு, அந்த மூணு வாரமும் வேலை ஜோரா போகுதுன்னுதான் நெனச்சேன்.

மூணாவது வழிதான் எனக்கு உருப்படியா நின்னுச்சு. கோட் கேக்கறதுக்கு முன்னாடி ஏஐய நம்மகிட்ட கேள்வி கேக்க விடறது. நான் அனுப்புன மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி: "கிராமத்துல 63 வீட்டுக்கு பால் ஊத்துறவரோட கணக்குக்கு ஆப் வேணும். இப்போ நீள நோட்டுல எழுதுறாங்க. கோட் எழுதாத. இந்தத் தொழில் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்க உனக்கு என்ன தெரியணும்னு கேளு. ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. பதில் மாறுனா ஆப்போட அமைப்பே மாறும்ங்கற கேள்விகள முதல்ல கேளு."

அது கேட்ட முதல் கேள்வியே, ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் அளவு மாறுமா, இல்ல வழக்கமான அளவு ஒண்ணு இருக்கான்னு. எனக்கு பதில் தெரியல. சித்திக்கு போன் போட்டேன். "வழக்கம்னு ஒண்ணு இருக்குய்யா, மாறுனா மட்டும்தான் நான் நோட்டுல எழுதுவேன், மத்த நாள் கோடு இழுத்து விட்ருவேன்"னாங்க. நான் அந்த நோட்ட சின்ன வயசுல இருந்து பாக்குறேன், அந்தக் கோடு என்னன்னு கேட்டதே இல்ல. முதல் ரெண்டு ஆப்லயும் சித்தப்பா தினம் 63 தடவை தட்டணும், ஈரக் கையோட, இருட்டுல, ஒரு கையில அளவுப் படிய வச்சுக்கிட்டு. ஈரக் கைக்கு போன் ஸ்க்ரீன் சரியா வேலை செய்யாது. இப்போ எல்லா வீடும் வழக்கப்படின்னு ஆப்பே எடுத்துக்குது, மாறுன நாலஞ்சு வீட்ட மட்டும் சித்தி காப்பி குடிச்சு முடிச்சுட்டு உக்காந்து தட்டுறாங்க. நாள் முழுக்க கோட் எழுதியிருந்தாலும் இது வந்திருக்காது, இது சித்தி மண்டையில இருந்த விஷயம், அத வெளிய எடுக்க ஒரு கேள்வி வேண்டியிருந்துச்சு.

அப்புறம் கேட்டதுல எனக்கு முக்கியமா பட்டது: எத்தனை மணிக்கு ஊத்துறீங்க (இந்த ஒரு கேள்வி முதல் தடவையே வந்திருந்தா 24 வீட்டுக் காசு தப்பாம இருந்திருக்கும்), ரேட் மாசத்துக்கு நடுவுல மாறுமா, பில் குடுத்தப்புறம் தப்புன்னு தெரிஞ்சா பழைய பில்ல திருத்தறதா இல்ல அடுத்த பில்லுல கழிக்கறதா, முன்பணம் குடுக்கறவங்க இருக்காங்களா, போற வழியில சிக்னல் இருக்குமா. சில கேள்வி நமக்கு சம்பந்தமில்லாதது, ஜிஎஸ்டி பில் வேணுமான்னு கேட்டுச்சு, எத்தனை பேருக்கு லாகின் வேணும்னு கேட்டுச்சு, வேண்டாம்னு ஒரு வார்த்தையில தள்ளிட்டேன். மொத்தம் 17 கேள்வி, ஒண்ணேகால் மணி நேரம், அதுல பாதி நேரம் சித்தியோட போன்ல.

பதில் எல்லாம் முடிஞ்சதும் இத ஒரே பக்கத்துல, சித்தி படிச்சா புரியற தமிழ்ல எழுதிக் குடுன்னு கேட்டேன். அத ப்ரின்ட் எடுத்து ஊருக்குப் போனப்போ சித்திகிட்ட குடுத்தேன், சத்தமா படிச்சாங்க, நடுவுல நிறுத்தி "மாரியம்மன் கோயிலுக்கு ஊத்துறது இதுல இல்லையே"ன்னாங்க. கோயிலுக்கு காசு வாங்கறதில்ல, ஆனா அளவு எழுதணும், இல்லன்னா கறந்த பாலும் ஊத்துன பாலும் டேலி ஆகாது. பேப்பர்ல பேனாவால எழுதிச் சேத்தாங்க. ஒரு வரி கூட கோட் இல்லாத நேரத்துல இப்படி ஒரு திருத்தம் வந்தா செலவு ஒரு பேனா மைதான், டேட்டாபேஸ் எல்லாம் கட்டி முடிச்சப்புறம் வந்திருந்தா எனக்கு மறுபடி ஒரு வாரம்.

அக்கவுண்ட்ஸ் ஆளா எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி அடுத்தது. நோட்டுல இருந்து மூணு வீட்டு மாசக் கணக்க எடுத்து விடையோட குடுத்தேன், பேர் போன் நம்பர் எதுவும் போடாம வீடு 1, வீடு 2, வீடு 3ன்னு. உதாரணத்துக்கு வீடு 1: தினம் காலை அரை லிட்டர், ஏப்ரல் மாசம் 30 நாள், 15ஆம் தேதி வரைக்கும் லிட்டர் 56, 16ல இருந்து 60, 10, 11, 12 மூணு நாள் பால் வேண்டாம்னு சொன்னாங்க, 20ஆம் தேதி விசேஷத்துக்கு ஒரு லிட்டர் கூட. முதல் பாதியில 12 நாள், 6 லிட்டர், 336 ரூபா. ரெண்டாம் பாதியில 15 நாள் ஏழரை லிட்டர், கூட ஒண்ணு, எட்டரை லிட்டர், 510 ரூபா. மொத்தம் 846. இந்த மூணு வீட்டுக்கும் இந்த விடைதான் வரணும், இத டெஸ்ட்டா எழுதி வச்சுக்கோ, இனிமே எத மாத்துனாலும் இத ஓட்டிக் காட்டுன்னு சொன்னேன். நீளமா விளக்கி எழுதுற பத்து வரிய விட விடையோட இருக்கற ஒரு கணக்கு ஏஐக்கு தெளிவா புரியுது, அத விட முக்கியம், அது செஞ்சது சரியா தப்பான்னு கோட் படிக்கத் தெரியாத நமக்கே தெரிஞ்சுரும். 846ன்னா 846.

இன்னொண்ணும் சேத்துச் சொன்னேன், லிட்டர மில்லிலயும் ரூபாய பைசாவுலயும் முழு எண்ணா வைன்னு. ஜாவாஸ்க்ரிப்ட்ல 0.1ம் 0.2ம் கூட்டுனா 0.30000000000000004 வரும், தசமத்த கம்ப்யூட்டர் பைனரியில, அதாவது 0, 1 மட்டும் வச்சு எழுதறதால வர்ற சிக்கல், காசுக் கணக்குல அத உள்ளயே விடக்கூடாது. லட்சத்துக்கு கமா 1,00,000ன்னு நம்ம முறையில வரணும்னும் சொல்லிருங்க, சொல்லலன்னா பல நேரம் 100,000ன்னுதான் வரும்.

இந்த வழியோட கஷ்டத்தையும் சொல்லணும். முதல் ரெண்டு நாள் காட்ட ஒண்ணும் இருக்காது, சித்தி என்னய்யா ஒண்ணும் வரலையேன்னு கேட்டாங்க. கேள்வி கேக்க விட்டா சில நேரம் முப்பது நாப்பதுன்னு போகும், கட்டுப்படுத்தலன்னா அந்த ஒரு பக்கம் எட்டு பக்கமா வீங்கும், அப்புறம் அத யாரும் படிக்க மாட்டாங்க, மறுபடி முதல் வழியோட நீள மெசேஜ் ஆகிரும். ஒரு பக்கத்துக்கு மேல போகாதன்னு கண்டிப்பா சொல்லணும். இப்போ இந்த முறைக்குன்னே டூல் வருது, 2025 ஜூலையில அமேசான் கொண்டுவந்த கீரோ, செப்டம்பர்ல கிட்ஹப் விட்ட ஸ்பெக் கிட், ரெண்டும் முதல்ல என்ன வேணும்ங்கறத எழுத வச்சு அப்புறம் கோட் எழுதுற அமைப்புதான். கோட் எழுதறதுக்குன்னு இருக்கற க்ளாட் கோட்ங்கற டூல்ல ப்ளான் மோட்னு ஒண்ணு இருக்கு, அதுல போட்டா ஃபைல மாத்தாம திட்டம் மட்டும் சொல்லும். நான் சாதா சாட்லதான் கேள்வி பதில முடிச்சேன், இந்த அளவுக்கு அது போதும்.

கட்டுற வேலைய அப்புறம் துண்டு துண்டாத்தான் குடுத்தேன், அதாவது ரெண்டாவது வழிதான், ஆனா கையில அந்தப் பக்கம் இருக்கு. ஒரு துண்டு முடிஞ்சு டெஸ்ட் ஓடுனா கிட்ல (கோடோட ஒவ்வொரு நிலையையும் சேமிச்சு வைக்கற டூல்) ஒரு கமிட், அதாவது அந்த நிலைய ஒரு சேவ், சாட்ட மூடிட்டு புது சாட், அதுல முதல்ல அந்தப் பக்கத்த ஒட்டு, அப்புறம் அடுத்த துண்டு. பழைய சாட்டோட மறதி இதுல தொல்லை பண்ணல. ரெண்டாவது வழியில மூணு வாரம் இழுத்தது இதுல நாலு சாயங்காலம்.

எந்த மொழியில பேசறதுங்கறதும் ஒரு முடிவுதான், இதுல பல பேருக்கு குழப்பம் இருக்கு. இங்லீஷ்ல எழுதுனாதான் ஏஐக்கு நல்லா புரியும்னு ஒரு பேச்சு. கோட் சம்பந்தமா இங்லீஷ்ல அதுக்கு பழக்கம் ரொம்ப அதிகம், அதுல சந்தேகமில்ல. ஆனா நம்ம இங்லீஷ் எவ்ளோ நல்லா இருக்குங்கறது வேற கேள்வி. ரெண்டாவது தடவை நான் இங்லீஷ்ல எழுதுனேன், மூணு நாள் பால் நிறுத்தறதுக்கு ஸ்டாப் கஸ்டமர்னு ஒரு பட்டன் கேட்டேன். அது அந்த வாடிக்கையையே கணக்குல இருந்து தூக்குற பட்டன் குடுத்துச்சு. தமிழ்ல பால் நிறுத்தறதுன்னா ஊருக்குப் போறோம், வந்ததும் ஊத்துங்கன்னு அர்த்தம், என் இங்லீஷ்ல அது போயே போச்சு. மூணாவது தடவை தொழில் சம்பந்தமான எல்லாத்தையும் சித்தி பேசற தமிழ்லயே எழுதுனேன், எரரையும் கோட்ல வர்ற பேரையும் இங்லீஷ்ல வந்தபடியே விட்டேன். பக்கத்துக்கு அடியில சின்னதா ஒரு சொல் பட்டியல், வாடிக்கைன்னா கோட்ல இந்தப் பேர், நிறுத்தம்னா இந்தப் பேர், ஒரு விஷயத்துக்கு ஒரே சொல்.

தமிழ இங்லீஷ் எழுத்துல தட்டறது மட்டும் வேண்டாம்னு சொல்லுவேன், பலரும் அப்படித்தான் எழுதுறாங்க, ஆனா அதுல வீடும் விடுவும் ஒரே மாதிரி வரும், பாலும் பல்லும் ஒரே மாதிரி வரும், நமக்கு இடம் பாத்து புரியும், அது பாதி நேரம் யூகிக்கணும். தமிழ் எழுத்துல எழுதுனா டோக்கன் (ஏஐ எழுத்த பிரிச்சுப் படிக்கற துண்டு) நிறைய போகும்னு முன்னாடி ஒரு கவலை இருந்துச்சு, அதுவும் நியாயமான கவலைதான், ஆனா 2024 மே மாசம் ஜிபிடி-4ஓங்கற மாடல் வந்தப்போ ஓபன்ஏஐ காட்டுன உதாரணத்துல ஒரே தமிழ்ப் பத்தி 116 டோக்கன்ல இருந்து 35க்கு இறங்கியிருந்துச்சு, மூணு மடங்குக்கு மேல குறைவு. கட்டை விரல் வலிச்சா மைக் பட்டன அழுத்திப் பேசிருங்க, எழுத்துல விட்டுப்போற விவரம் பேச்சுல வந்துரும், நான் சித்தியோட பதில அப்படித்தான் ஏத்துனேன்.

படமா வார்த்தையாங்கறதுக்கு பெருசா யோசிக்க ஒண்ணுமில்ல, பாக்க எப்படி இருக்குங்கற விஷயத்துக்கு ஸ்க்ரீன்ஷாட், கணக்கு விஷயத்துக்கு எண். சாட்ல காப்பி பேஸ்ட் பண்றதா, ஃபைல தானே திறந்து மாத்துற ஏஜென்ட் வச்சுக்கறதாங்கறதுல நான் கேள்வி பதிலுக்கு சாட், கட்டறதுக்கு ஏஜென்ட்னு பிரிச்சுக்கிட்டேன், ஏஜென்ட் எடுத்தா கிட் இல்லாம தொடவே கூடாது, அது ஒரே நேரத்துல எட்டு ஃபைல மாத்தும், திரும்பிப் போக வழி இருக்கணும். வாடிக்கையோட உண்மையான பேர், நம்பர், பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (ஒரு சேவைய ஆப் பயன்படுத்தக் குடுக்கற ரகசியச் சாவி) இதெல்லாம் எந்த முறையிலயும் மெசேஜ்ல ஒட்ட வேண்டாம், பொய்ப் பேர் போட்டாலும் ஆப் அதே மாதிரிதான் வரும்.

நீங்க எத எடுக்கணும்னு என்கிட்ட கேட்டா நான் முதல்ல திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், இது தப்பா போனா யாருக்கு என்ன போகும். உங்களுக்கு ஒரு சாயங்காலம்தான் போகும்னா ஒரே மெசேஜ். நீங்களே பயன்படுத்தற ஆப், அந்த வேலை உங்களுக்கு அத்துப்படி, கோடும் கொஞ்சம் படிக்கத் தெரியும்னா துண்டு துண்டா போங்க. வேற ஒருத்தர் தொழிலுக்கு கட்டறீங்க, அதுல காசோ மருந்தோ பிள்ளைங்க விவரமோ இருக்குன்னா அந்தத் தொழில் பண்றவங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு கேள்வியில ஆரம்பிங்க, அவசரமா இருந்தாலும்.

ஆப் இப்போ ரெண்டாவது மாசம் ஓடுது, சித்தி நோட்ட இன்னும் விடல, நானும் விட வேண்டாம்னுதான் சொல்லியிருக்கேன். போன மாசம் 63 வீடும் பைசா மாறாம நோட்டோட ஒத்துப் போச்சு. அடுத்து பில்ல வாட்ஸப்ல அனுப்பற மாதிரி கேட்டிருக்காங்க. அஸ்திவாரம் இருக்கு, சின்ன வேலைதான், நேரா ஏஐ கிட்ட கேட்டா இன்னைக்கு ராத்திரியே வந்துரும். ஆனா அந்த ஊர்ல பாதி வீட்ல பெரியவங்க மட்டும்தான் இருக்காங்க, காசு சென்னையிலயும் திருப்பூர்லயும் இருக்கற பிள்ளைங்க போடறாங்க, சில வீட்ல பெரியவங்க கையாலதான் குடுப்பேன்னு நிப்பாங்க. பில் யாரு போனுக்குப் போகணும், ரெண்டு பேருக்கும் போனா சங்கடமா இருக்குமா, அத நான் ஞாயித்துக்கிழமை சித்திகிட்ட கேட்டுட்டு வர்றேன்.